நாணயம் பார்த்த நாராயண பிள்ளை

பட்டச் சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டால் வேலை தானாக வீடு தேடி வரும் என்ற காலம் மலையேறிவிட்டது. இன்று எந்த வேலை விளம்பரத்தை எடுத்துப் பார்த்தாலும் கல்வித் தகுதிக்குக் கீழே இன்னொரு பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தொடர்பாற்றல், குழுவாகப் பணியாற்றுதல், தலைமைத்துவம், சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் என்று அதில் பல. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் மென்திறன் என்கிறோம். மலாயில் கெமாஹிரான் இன்சானியா. நம் நாட்டு உயர்கல்வி அமைச்சு 2006-ஆம் ஆண்டில் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஏழு மென்திறன்களை வகுத்து ஒரு பாடத்தொகுதியாகவே வெளியிட்டது. அதற்குப் பிறகு பல்கலைக்கழக வாசலை மிதித்த எவரும் இந்தச் சொல்லிடமிருந்து தப்பியதில்லை.

நானும் இந்த நான்கு ஆண்டுகளில் ஐந்தாறு பயிலரங்குகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கையை எப்படிக் குலுக்குவது, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து எப்படிப் பேசுவது, நேர்முகத் தேர்வுக்கு எந்த நிறத்தில் கழுத்துப்பட்டை அணிவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். இவை வீண் என்று சொல்லமாட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள், அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி என்று வளர்ந்த எனக்கு, முதல் படிவத்தில் மலாய்மொழியில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதற்கே இரண்டு மாதம் பிடித்தது. ஆகவே பேசக் கற்றுக் கொடுப்பவர்களை நான் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் எந்தப் பயிலரங்கிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையே ஒரு நாள் இல்லாமல் போனால் என்ன செய்வது?

பினாங்குக்காரர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 1969-இல் இந்தத் தீவு தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தபோது துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் தத்தளித்தன. 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் உருவாகி, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. என் அம்மாவும் அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஒரு நாள் அவர் நின்ற வரிசையை அப்படியே வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவரிடம் இருந்த கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. அந்தத் திறனுக்கான இடம்தான் இல்லாமல் போயிற்று. இப்போது நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே கணினி கட்டுரை எழுதுகிறது, கணக்குப் பார்க்கிறது, வரைபடம் போடுகிறது. எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று விடுதி அறையில் பேசாத இரவு இல்லை.

இந்தக் கேள்வியோடு நூலகத்தில் அலைந்துகொண்டிருந்தபோதுதான் நாராயண பிள்ளையைப் பற்றி விரிவாகப் படிக்க நேர்ந்தது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அவர் பெயர் நன்கு தெரியும். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையின் அருகே சங் நீல உத்தமன், தான் தோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகளோடு நாராயண பிள்ளையின் சிலையும் நிறுத்தப்பட்டது. அந்தச் சிலைக்குரியவர் கப்பலேறியது நம் பினாங்குக் கரையிலிருந்துதான் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவோம்? என் நண்பர்கள் எட்டுப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

பிள்ளை வாழ்ந்த பினாங்கைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். தீர்வையில்லாத் துறைமுகம் என்பதால் வணிகர்கள் நாலா பக்கத்திலிருந்தும் வந்தனர். லைட் போட்ட முதல் தெருக்களிலேயே ஒன்று சூலியா தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்கள் கப்பலில் வந்து, உழைத்துச் சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினர் என்பது லைட் காலத்துச் செய்தி. 1801-இல் காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. அதே ஆண்டில் குயின் தெருவில் இந்துக் கோயிலுக்கும் நிலம் கிடைத்தது. 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பட்டபோது அங்கே தமிழ் வகுப்பும் நடந்தது. இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டை 2016-இல் நாம் கொண்டாடியது அந்த வகுப்பை வைத்துத்தான். ஆக, தமிழர்கள் கூலிக்கு வந்தவர்கள் மட்டுமே என்று நாமே நம்பிக்கொண்டிருக்கும் கதை அரைக் கதைதான். ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் தமிழர்கள் கடை வைத்தார்கள், கிட்டங்கி வைத்தார்கள், அரசு அலுவலகத்தில் எழுதினார்கள், கப்பல் சரக்கு பேசினார்கள்.

ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1805-இல் இந்தப் பினாங்குக்குத்தான் துணைச் செயலாளராக வந்து சேர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1819 ஜனவரி இறுதியில், அவர் சிங்கப்பூரில் இறங்கி பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டார். மே மாதம் பினாங்கிலிருந்து இந்தியானா என்ற கப்பலில் மறுபடியும் சிங்கப்பூர் சென்றார். அந்தக் கப்பலில் அவரோடு சென்றவர் நாராயண பிள்ளை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இன்று சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் இனிப்பு செய்வார்கள். 1819-இல் நிலைமை வேறு. டச்சுக்காரர்கள் அந்தத் தீவு தங்களுக்கு உரியது என்று உறுமிக்கொண்டிருந்தனர். பினாங்கு ஆளுநராக இருந்த பானர்மேனே ராஃபிள்ஸின் முயற்சியை வெளிப்படையாக எதிர்த்தார். சிங்கப்பூரில் பொறுப்பில் இருந்த ஃபார்க்குவார் கூடுதல் படை கேட்டபோது அனுப்ப மறுத்தார். டச்சுக்காரர் தாக்கினால் எதிர்த்து நிற்காமல் கிளம்பி வந்துவிடுவதே நல்லது என்பது அவருடைய எண்ணம். பினாங்கின் ஆட்சித் தலைமையே கைவிட்ட ஓர் ஊருக்கு, அமைந்த வாழ்வை விட்டுவிட்டுப் போவதென்றால் அதற்கு வெறும் துணிச்சல் போதாது. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் அறிவு வேண்டும். அது பிள்ளையிடம் இருந்தது. 1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றமாக இணைக்கப்பட்டபோது தலைநகர் பினாங்குதான். 1832-இல் அந்தத் தலைநகர் தகுதியும் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. பிள்ளை அதற்கு 13 ஆண்டுகள் முன்பே போயிருந்தார்.

சிங்கப்பூரில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை கருவூலத்தில் தலைமை எழுத்தர் வேலை. வந்து சேரும் வெள்ளி நாணயங்களைத் தரம் பார்த்துப் பிரிப்பது அதில் ஒரு பகுதி. சாதாரண வேலையாகத் தோன்றலாம். ஆனால் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே நாட்டு நாணயம் என்று ஒன்று கிடையாது. ஸ்பானிய வெள்ளி டாலர் முதல் பல நாட்டுக் காசுகள் கைமாறின. ஓரம் சுரண்டப்பட்டவை, எடை குறைந்தவை, போலிகள் எல்லாம் கலந்து வரும். காசைத் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டு, எடை போட்டு நல்லது கெட்டது சொல்பவரை நம் பழைய தமிழ் வண்ணக்கர் என்று அழைத்தது. சங்கப் புலவர்களின் பெயர்களிலேயே வண்ணக்கன் என்ற அடைமொழி உண்டு. வண்ணக்கர் தவறு செய்தால் கருவூலமே தள்ளாடும். ஆகவே கைத்திறனுக்கு முன்னால் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது நேர்மை. தமிழில் காசுக்கும் நாணயம் என்கிறோம், சொன்ன சொல் மாறாமைக்கும் நாணயம் என்கிறோம். இந்தப் பொருத்தத்தை நான் அந்த இடத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தேன்.

அந்த வேலை நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆட்சி மாறவில்லை, ஆதரவாளர் சாகவில்லை, ஆனாலும் பதவி போயிற்று. இன்றைய மொழியில் சொன்னால் ஒப்பந்தம் முடிந்த ஊழியர். கடல் கடந்து வந்த இடத்தில் வேலை இல்லை. ஊர் திரும்புவதா?

பிள்ளை திரும்பவில்லை. சுற்றிப் பார்த்தார். புதிய ஊர். ஆட்கள் வந்து குவிந்துகொண்டே இருக்கிறார்கள். வீடுகளெல்லாம் மரமும் அத்தாப்புக் கூரையும். கட்டடம் கட்டச் செங்கல் இல்லை, கட்டத் தெரிந்த ஆட்களும் போதவில்லை. அவர் ஒரு செங்கல் சூளையைத் தொடங்கினார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று வரலாறு அவரைக் குறிப்பது இதனால்தான். கருவூல எழுத்தருக்குச் செங்கல் சுடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. என் ஊகம் என்னவென்றால், பினாங்கில் வாழ்ந்தவருக்குச் செங்கல்லின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும். அத்தாப்புக் கூரைகள் நெருங்கி நின்ற ஜார்ஜ்டவுன் தன் தொடக்க ஆண்டுகளில் பெரிய தீ விபத்துகளைச் சந்தித்த ஊர். ஓர் ஊர் எப்படி வளரும், வளரும்போது எதற்குத் தவிக்கும் என்பதை அவர் ஒரு முறை கண்ணால் பார்த்தவர். அந்த அனுபவத்தை இன்னோர் ஊரில் பொருத்திப் பார்த்தார். பாடப் புத்தகத்தில் இதற்கு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பார்த்ததை மறக்காத குணமாகத்தான் தெரிகிறது.

சூளை போட்டாயிற்று. கையாள ஆள்? பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்குச் சொல்லியனுப்பினார். கொத்தனார்களை அனுப்புங்கள், தச்சர்களை அனுப்புங்கள், துணி வணிகர்களும் வரட்டும் என்று கேட்டார். அவர்களும் வந்தார்கள். வரலாற்று நூல்களில் இச்செய்தி ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கோ அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய செய்தி இதுதான் என்று படுகிறது. தொலைபேசி இல்லை. போகும் ஊரைப் படத்தில்கூடப் பார்க்க வழியில்லை. அங்கே போனால் கூலி கிடைக்குமா, கிடைத்த கூலி கைக்கு வருமா, காய்ச்சலில் படுத்தால் கஞ்சி ஊற்ற ஆள் உண்டா, எதுவும் தெரியாது. அழைப்பது ஒருவருடைய சொல் மட்டுமே. அந்தச் சொல்லை நம்பி ஒரு கொத்தனார் தம் கரண்டியையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கொண்டு கப்பலேறுகிறார் என்றால், அழைத்தவர் பினாங்கில் வாழ்ந்த காலத்தில் அவரிடம் எப்படி நடந்திருக்க வேண்டும்! கூலியைப் பேசியபடி கொடுத்திருக்க வேண்டும். கடன் வாங்கியிருந்தால் திருப்பியிருக்க வேண்டும். தெருவில் கண்டால் பெயர் சொல்லி நலம் விசாரித்திருக்க வேண்டும். இவை எந்த நேர்முகத் தேர்விலும் கேட்கப்படாதவை. ஆனால் வேலை போன நாளில் இவைதாம் அவரைத் தூக்கி நிறுத்தின.

இன்று தொடர்பு வலைப்பின்னல் என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு கூட்டத்துக்குப் போய் நாற்பது பேரிடம் முகவரி அட்டை வாங்கி வருவதை அப்படிச் சொல்கிறார்கள். நாற்பது அட்டையில் எத்தனை பேர் நமக்காக ஒரு கடல் தாண்டுவார்கள்?

செங்கல்லோடு பிள்ளை நிற்கவில்லை. கிராஸ் தெருவில் பருத்தித் துணிக்கடை வைத்தார். சிங்கப்பூரிலேயே பெரிய துணிக்கடை என்று பெயர் பெற்றது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இவ்வளவு வளர்ச்சி. பிறகு 1822-இல் தீ. கடைவீதியில் பிடித்த தீயில் அவருடைய கடையும் சரக்கும் எரிந்து போயின. வணிகம் என்பதே கடனில் சரக்கு எடுத்து விற்றுத் திருப்புவதுதான். சரக்கு சாம்பலாகிவிட்டது, கடன் மட்டும் எரியாமல் நின்றது. கடன் கொடுத்தவர்கள் கழுத்தை நெரிக்கும் நிலை.

அவருக்கு ஓடிப்போக வழி இருந்தது. துறைமுக ஊரில் கடன்பட்டவர் இரவோடு இரவாகக் கப்பலேறுவது புதுமையுமன்று. பிள்ளை ஓடவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர் திரும்பியிருந்த ராஃபிள்ஸிடம் நிலைமையை எடுத்துச் சொன்னார். கமர்ஷியல் சதுக்கத்தில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில், அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே கிட்டங்கி கட்டி மீண்டும் வணிகம் தொடங்கினார். கடனையும் அடைத்தார், பெயரையும் மீட்டார். அதே ஆண்டு நவம்பரில் ராஃபிள்ஸ் நகர்க்குழுவுக்குக் கொடுத்த விதிமுறைகளில் கடைவீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும், முன்பக்கத்தில் தொடர்ச்சியான நடைபாதை விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. இன்று நாம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் அஞ்சடிக்கு அதுவே மூலம் என்பார்கள். செங்கல் வேண்டும் என்று விதி வந்த ஊரில் செங்கல் சூளை வைத்திருந்தவர் பிள்ளை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரத் துரையின் தயவில் பிழைத்தவரைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று என் அறைத்தோழனே கேட்டான். நியாயமான கேள்விதான். துரையின் அறிமுகம் இல்லாமல் கமர்ஷியல் சதுக்கத்தில் இடம் கிடைத்திருக்காது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகளாகப் பினாங்குக்கும், 1825 முதல் சிங்கப்பூருக்கும் கொண்டுவரப்பட்டவர்கள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செங்கல்லும் அறுத்தார்கள். பிள்ளைக்கு இருந்த திறமை அவர்களில் எத்தனையோ பேருக்கு இருந்திருக்கும். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. வெற்றி பெற்றவரின் வாழ்க்கையை எழுதும்போது இதை மறைத்துவிட்டு, உழைத்தால் யாரும் உயரலாம் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் துரைக்குத் தெரிந்தவர்கள் அந்நாளில் பலர் இருந்தார்கள். கடை எரிந்து கடனாளியாக நின்ற ஒருவருக்கு மறுபடியும் இடம் கொடுக்கலாம், இவர் திருப்பிக் கொடுப்பார் என்ற நம்பிக்கை எல்லாரிடத்திலும் வராது. அந்த நம்பிக்கையைத் துரை அவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்க முடியாது. அது பிள்ளையே சேர்த்தது.

மக்களிடமும் அவருக்கு அதே மதிப்பு இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்கு அவர் தலைவராக நியமிக்கப்பட்டு, அவர்களுக்குள் எழும் பூசல்களைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. 1824-இல் எடுக்கப்பட்ட சிங்கப்பூரின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தம் 10,683 பேர். இந்தியர் 756 பேர். எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். சம்பளத் தகராறு, கொடுக்கல் வாங்கல், சாதி, வாய்ச்சண்டை எதற்கும் குறைவிருந்திருக்காது. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, தோற்றவனும் முணுமுணுக்காமல் எழுந்து போகும்படி ஒரு தீர்ப்புச் சொல்வது எளிதா? நம் பேரவையில் ஆண்டுவிழாவுக்கு எந்த நிறச் சட்டை என்று முடிவெடுக்கவே மூன்று கூட்டம் போட்டவர்கள் நாம்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட வேலை கோயில். வந்து சேர்ந்த தமிழருக்குக் கும்பிட ஓர் இடம் வேண்டும். முதலில் தெலுக் ஆயர் தெருவில் நிலம் ஒதுக்கினார்கள். அங்கே வழிபாட்டுக்கு வேண்டிய நல்ல தண்ணீர் இல்லை. பிறகு ஸ்டாம்ஃபோர்டு கால்வாயை ஒட்டி இன்னோர் இடம் சொல்லப்பட்டது. அதுவும் நகர அமைப்புத் திட்டத்துக்குப் பொருந்தாமல் போயிற்று. மூன்றாவதாகத்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் அமைந்தது. 1827-இல் மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. பிள்ளை அதில் சின்ன அம்மனை எழுந்தருளச் செய்தார். அதுவே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். 1843-இல் செங்கல் கட்டடமாயிற்று. 1973-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கல்விக் கடனுதவிப் பாரத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினாலே மனம் உடைந்து போகிறவர்கள் நாம். ஒரு கோயில் நிலத்துக்காக அரசு அலுவலகத்தோடு போராடியவர் கோபப்பட்டிருக்கமாட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் முதல் இடம் வேண்டாம் என்றதற்கு அவரிடம் தெளிவான காரணம் இருந்தது, தண்ணீர். எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விட்டுக் கொடுக்கக் கூடாது என்ற கணக்கும் இருந்தது. இடத்தை விட்டுக் கொடுத்தார், கோயிலை விட்டுக் கொடுக்கவில்லை. பேச்சுவார்த்தைத் திறன் என்று நாம் பயிலரங்கில் படிப்பதில் இதைவிட அதிகமாக என்ன இருக்கிறது?

அந்தக் கோயில் கும்பிடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. கப்பலில் வந்திறங்கிய புதியவர்கள் வேலை கிடைத்து, தங்க இடம் கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். திருமணப் பதிவும் அங்கே நடந்தது. இன்றைய வேலைவாய்ப்பு மையமும், சமூகநல அலுவலகமும், விடுதியும் சேர்ந்த ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாம் பினாங்கிலிருந்து ஆட்களை அழைத்தபோது ஒருவருடைய சொல் மட்டுமே பாலமாக இருந்தது. கோயில் எழுந்த பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு முகவரி கிடைத்தது.

பிள்ளையின் கதையைப் படித்தபின் எனக்கு நம் மாணவர்களைப் பற்றிய ஓர் எண்ணம் வந்தது. நம்மில் பலர் தன்குறிப்பு எழுத உட்கார்ந்தால் மென்திறன் என்ற தலைப்பின்கீழ் எழுத ஒன்றுமில்லை என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதே மாணவர்கள் தைப்பூசத்துக்குக் கெபுன் பூங்கா சாலையில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அதற்கு மாநகர் மன்ற அனுமதி வாங்க வேண்டும். கடைகடையாக ஏறி நன்கொடை திரட்ட வேண்டும். சீனர் கடையில் கேட்பதற்கு ஒரு முறை, மாமாக் கடையில் கேட்பதற்கு ஒரு முறை. இரவு வேலைக்கு யார், பகலுக்கு யார் என்று ஆள் பிரிக்க வேண்டும். மோர் தீர்ந்து போனால், மழை கொட்டினால், ஒலிபெருக்கிக்காகப் பக்கத்துப் பந்தலோடு தகராறு வந்தால் அங்கேயே தீர்க்க வேண்டும். முடிந்தபின் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில் ஐம்பது ரிங்கிட் இடித்தால் அடுத்த ஆண்டு எவரும் காசு தரமாட்டார். இதையெல்லாம் செய்துவிட்டு, எனக்கு அனுபவம் எதுவும் இல்லை என்று எழுதுகிறார்கள். மூன்று மணி நேரப் பயிலரங்கின் சான்றிதழை மட்டும் அழகாகப் படியெடுத்து இணைக்கிறார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். வேலை போன பிறகு அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும், ஆனால் ஏன் முடிந்தது என்று அதுவரை யோசித்ததில்லை. அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த தோழிகள் ஏழெட்டுப் பேர், மலாய்க்காரரும் சீனரும் தமிழரும், ஆளுக்கொரு பக்கம் வேறு வேலைக்குப் போனார்கள். அம்மா வீட்டில் செய்த பலகாரத்தை முதலில் வாங்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் போன புது இடங்களிலெல்லாம் சொல்லி வைத்தவர்களும் அவர்கள்தான். இரவு வேலையில் ஒருவருக்காக ஒருவர் நின்ற பதினாறு ஆண்டுகள் அந்தப் பலகார டப்பாவுக்குள் இருந்தன. நல்லெண்ணெய் முறுக்குக்கு இப்போதும் ஒரு வாரம் முன்னால் சொல்லி வைக்க வேண்டும்.

இறுதியாண்டு மாணவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் போவதைப் பற்றித்தான் பேசுகிறோம். வெள்ளி மதிப்பு இழுக்கிறது. போவதா இருப்பதா என்று எனக்கே இன்னும் முடிவாகவில்லை. பிள்ளை போனார், நல்லதாயிற்று என்பதால் எல்லாரும் போக வேண்டும் என்று ஆகாது. அவரோடு போகாமல் இங்கேயே இருந்து, அவர் கேட்டபோது ஆட்களைத் திரட்டி அனுப்பிய பினாங்கு நண்பர்களும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நம்மிடம் வந்து சேரவில்லை. போனவருக்கு இருந்தவர்கள் தேவைப்பட்டார்கள். வந்த கொத்தனார்கள் அவர் சொல்லை மட்டுமன்றி, அனுப்பியவர்களின் சொல்லையும் நம்பித்தானே வந்திருப்பார்கள்?

சென்ற மாதம் சிங்கப்பூருக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போன என் சீனியர் அக்கா ஒருவர் சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு நான் குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1801-இல் நிலம் கிடைத்த நம் கோயில் முழுக் கோயிலாக எழும்பியது 1833-இல். பினாங்கிலிருந்து போனவர் சிங்கப்பூரில் அதே அம்மனுக்கு அத்தாப்புக் கூரை போட்டு அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.